சாலையில் ஓடாத இன்ஜினுக்கும் சாலை வரியா? அமெரிக்க மரப் பராமரிப்புத் தொழிலில் எரிபொருள் வரி

அமெரிக்காவில் ஒரு பெட்ரோல் பங்க்கில் ஒரு காலன் டீசல் போட்டால், அந்த விலைக்குள் 24.4 சென்ட் மத்திய அரசின் வரி. பெட்ரோலாக இருந்தால் 18.4 சென்ட். மாநில வரி இதற்கு மேல் தனியாக வரும். உதாரணமாக டெக்சஸில் இரண்டுக்குமே காலனுக்கு 20 சென்ட். (ஒரு காலன் என்பது சுமார் 3.785 லிட்டர்.) பில்லில் இந்த வரி தனியாக அச்சாவதில்லை என்பதால் பலருக்கு இது கண்ணிலேயே படாது.

காரில் போகிறவருக்கு இதில் யோசிக்க ஒன்றுமில்லை. ஆனால் மரம் வெட்டுவது, கிளை கழிப்பது, அடிக்கட்டையை அரைத்து எடுப்பது என்று தொழில் செய்கிறவர்களுக்கு இது பணப் பிரச்சினை. அவர்கள் வாங்கும் எரிபொருளில் கணிசமான பங்கு சாலையில் ஓடும் வண்டிக்குப் போவதே இல்லை. கிளையை நொறுக்கும் சிப்பருக்கும், அடிக்கட்டையை அரைக்கும் ஸ்டம்ப் கிரைண்டருக்கும், செயின்சாவுக்கும் போகிறது. அந்த எரிபொருளுக்கு மத்திய வரி சேர வேண்டியதில்லை என்று சட்டமே சொல்கிறது. சேர்ந்துவிட்டாலும் திரும்ப வாங்கலாம். சிறிய குழுக்கள் பலவும் இதைக் கேட்டு வாங்காமல் விட்டுவிடுகின்றன என்பதுதான் எனக்கு வருத்தம். விதி ஒன்றும் பெரிய சிக்கல் இல்லை. எந்த இடத்தில் கோடு போட்டிருக்கிறார்கள் என்று புரிந்தால் போதும்.

முதலில் அந்த வரி எதற்காக என்பது தெரிய வேண்டும். எரிபொருள் மீது முதலில் வரி போட்ட மாநிலம் ஆரெகன். 1919-இல், காலனுக்கு ஒரு சென்ட், சாலை போடுவதற்காக. மத்திய அரசு 1932-இல்தான் பெட்ரோலுக்கு ஒரு சென்ட் வரி போட்டது. அப்போது பெருமந்தக் காலம், நோக்கம் பட்ஜெட் ஓட்டையை அடைப்பது. 1956-இல் நெடுஞ்சாலை நிதியம் என்று தனிக் கணக்கு தொடங்கி, இந்த வரியை அதற்குத் திருப்பினார்கள். அன்றிலிருந்து இதன் நியாயம் இதுதான்: சாலையைப் பயன்படுத்துகிறவர் சாலைக்குப் பணம் கொடுக்கிறார். அதிகம் ஓட்டுகிறவர் அதிகம் எரிக்கிறார், அதிகம் கட்டுகிறார். இப்போதுள்ள விகிதங்கள் 1993-லிருந்து மாறவே இல்லை.

அப்படியானால், ஒருவர் வீட்டுத் தோட்டத்தில் நின்ற இடத்தில் நின்றபடி ஓக் மரக் கிளையை நொறுக்கிக்கொண்டிருக்கும் சிப்பர் சாலைக்கு என்ன தேய்மானம் செய்தது? ஒன்றுமில்லை. அதனால்தான் வரிச் சட்டத்தில் ஒரு விலக்கு இருக்கிறது. நெடுஞ்சாலைக்கு வெளியே, தொழிலுக்காகப் பயன்படும் எரிபொருளுக்கு அந்த விலக்கு. இதில் இரண்டு பாதிகள் உண்டு. எரிபொருள் எரிவது, பொதுச் சாலையில் ஓட்டுவதற்காகப் பதிவு செய்த (அல்லது பதிவு செய்ய வேண்டிய) வண்டியை இயக்குவதற்காக இருக்கக் கூடாது. அது தொழிலுக்காக, வருமானம் ஈட்டும் வேலைக்காக இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் விலக்கு.

இரண்டாவது பாதியைப் பலர் கவனிப்பதில்லை. அமெரிக்க வருமான வரித் துறையான ஐ.ஆர்.எஸ். வெளியிடும் 510-ஆம் எண் கையேடு, தொழிலில் நின்ற இடத்தில் இயங்கும் ஜெனரேட்டர், கம்ப்ரெசர், பவர் சா போன்றவற்றில் எரியும் எரிபொருள் விலக்குக்கு உரியது என்கிறது. அதே கையேடு, தொழில் அல்லாத பயன்பாட்டில் புல்வெட்டும் இயந்திரமும் செயின்சாவும் விலக்கில் சேராது என்றும் சொல்கிறது. இதில் முரண்பாடு இல்லை. வீட்டுக்காரர் தன் வேலியோரத்து மரத்தைத் தானே செயின்சாவால் வெட்டினால் அந்தப் பெட்ரோலுக்கு வரி திரும்பாது. அதே மரத்தை, அதே மாடல் செயின்சாவால், கூலிக்கு வந்த மரத்தொழிலாளர் வெட்டினால் திரும்பும்.

இனி ஒரு மரக் குழுவின் வண்டியையும் சாமான்களையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

செயின்சா, கையில் பிடிக்கும் மற்ற அறுப்பான்கள், இலை ஊதும் புளோயர்: பெட்ரோல், அதில் இரண்டு ஸ்ட்ரோக் ஆயில் கலந்தது. எல்லாம் விலக்குக்கு உரியவை.

ஸ்டம்ப் கிரைண்டர், தானே நகரும் வகையாக இருந்தாலும் சரி, இழுத்துக்கொண்டு போகும் வகையாக இருந்தாலும் சரி, அதன் இன்ஜின் அரைப்பதற்கும் வேலையிடத்தில் நகர்வதற்கும்தான். விலக்கு உண்டு. மரத்துண்டுகளைத் தூக்கிச் செல்லும் சிறிய ஸ்கிட் ஸ்டியர், செயின் டிராக் மேல் நகரும் லிஃப்ட் ஆகியவையும் இப்படித்தான். டிரைலரில் ஏற்றித்தான் அவை வேலைக்கு வருகின்றன, சாலையில் ஓடுவதில்லை.

சிப்பரில் ஒரு சந்தேகம் எழும். அது சக்கரம் உள்ளது, லாரியின் பின்னால் இழுத்துச் செல்லப்படுவது, நம்பர் பிளேட்டும் இருக்கும். அப்படியானால் அது சாலை வண்டி இல்லையா? பார்க்க வேண்டியது சக்கரத்தையோ பிளேட்டையோ அல்ல, இன்ஜினை. சிப்பரின் இன்ஜின் கிளையை நொறுக்கும் உருளையையும் கத்தியையும் சுழற்றுகிறது. அதன் சக்கரத்தை ஒரு அங்குலம்கூட அது நகர்த்துவதில்லை. சாலையில் அதை இழுப்பது லாரியின் இன்ஜின், அதற்கான வரியை லாரியின் டாங்க்கில் ஊற்றிய டீசல் ஏற்கெனவே கட்டிவிட்டது. ஆகவே சிப்பர் டாங்க்கில் ஊற்றிய ஒவ்வொரு காலனும் விலக்குக்கு உரியது. மரக் குழுவில் சாலைக்கு வெளியே அதிகம் எரிபொருள் குடிப்பது பெரும்பாலும் இதுதான் என்பதால் கணக்கையும் இங்கிருந்து தொடங்குவது நல்லது.

அடுத்தது பக்கெட் லாரி. ஆள் நிற்கும் கூடையை நீண்ட கையால் உயரத்தில் தூக்கும் வண்டி. இங்கேதான் கோடு கடுமையாக விழுகிறது.

பெரும்பாலான பக்கெட் லாரிகளில் தூக்கும் கையை இயக்கும் ஹைட்ராலிக் பம்புக்குத் தனி இன்ஜின் கிடையாது. லாரியின் இன்ஜினே கியர்பாக்ஸ் வழியாகப் பம்பைச் சுழற்றும். இதை பி.டி.ஓ. என்பார்கள். மரத்தடியில் லாரி நாள் முழுக்க நகராமல் நிற்கிறது, இன்ஜின் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது, சாலைக்கு எந்தத் தேய்மானமும் இல்லை. அறிவுக்கு எட்டிய வரை இதற்கும் விலக்கு இருக்க வேண்டும். ஆனால் மத்திய விதிப்படி இல்லை. சாலை வண்டியை ஓட்டும் அதே இன்ஜினில் எரிந்தால், வண்டி நின்றாலும் ஓடினாலும் அது சாலைப் பயன்பாடுதான். காங்கிரீட் கலவை லாரியின் டிரம்மை லாரி இன்ஜினே சுழற்றினாலும் இதே முடிவு. நின்ற இடத்தில் எரிந்தது எவ்வளவு, ஓட்டத்தில் எரிந்தது எவ்வளவு என்று ஒரே இன்ஜினுக்குள் பிரிப்பது கடினம், பொய்க் கணக்கு எழுதுவது எளிது என்பது இதற்குச் சொல்லக்கூடிய காரணம். எனக்கு இது முழுத் திருப்தி தரும் பதில் இல்லை. வரியின் அடிப்படை நியாயத்தை விதி தானே கைவிடும் இடம் இது. பல மாநிலங்கள் தங்கள் பங்கு வரியில் பி.டி.ஓ. பயன்பாட்டுக்குத் திரும்பக் கொடுக்கின்றன. ஆக அளக்கவே முடியாத விஷயம் என்று சொல்ல முடியாது. எப்படியோ, மத்திய வரியைப் பொறுத்தவரை பி.டி.ஓ. காலன்களைக் கோரிக்கையில் சேர்க்கக் கூடாது. விவரம் தெரியாதவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான்.

அதே லாரியில் தூக்கும் கைக்கென்று தனிச் சிறு இன்ஜின் பொருத்தியிருந்தால் நிலைமை தலைகீழ். வண்டி பதிவு செய்த சாலை வண்டியாக இருந்தாலும், தனி இன்ஜினில் எரியும் எரிபொருள் விலக்குக்கு உரியது. அந்தச் சிறு இன்ஜினும் லாரியும் ஒரே டாங்க்கிலிருந்து டீசலை இழுத்தாலும் பரவாயில்லை. எவ்வளவு எதற்குப் போனது என்று நியாயமாக மதிப்பிட்டு, அதற்கு ஆதாரம் வைத்திருந்தால் போதும். கையேடு சொல்லும் வழி இது: மொத்தம் ஊற்றியதிலிருந்து, ஓடிய தூரத்துக்கு ஆன எரிபொருளையும், லாரி இன்ஜின் சும்மா ஓடியும் சூடேறியும் எரித்ததையும் கழியுங்கள். மிஞ்சுவது தனி இன்ஜினுக்கு.

கற்பனையான எண்களை வைத்துப் பார்க்கலாம். ஆண்டில் 1,500 காலன் டீசல் ஊற்றினீர்கள். லாரி 6,000 மைல் ஓடியது. காலனுக்கு 8 மைல் தரும் லாரி என்றால் ஓட்டத்துக்கு 750 காலன். லாரி இன்ஜின் சும்மா ஓடியதற்கு 150 காலன். மிச்சம் 600 காலன். அதற்குத் திரும்புவது காலனுக்கு 24.3 சென்ட் வீதம் 145.80 டாலர். 24.4 அல்ல, 24.3. அந்தக் கடைசி பத்தில் ஒரு பங்கு சென்ட், நிலத்தடி எரிபொருள் டாங்குகளின் கசிவைச் சுத்தம் செய்வதற்கான தனி நிதிக்குப் போகிறது; அது திரும்பாது. பெட்ரோலிலும் இதேபோல் 18.3 சென்ட்தான் திரும்பும்.

பெரிய கிரேன் போன்ற சில வண்டிகளுக்கு இன்னொரு கதவு உண்டு. அடிச்சட்டமே ஓர் இயந்திரத்தைச் சுமப்பதற்கென்று மட்டும் தனியாக வடிவமைக்கப்பட்டு, அதில் வேறெந்தச் சுமையும் ஏற்ற முடியாத வகையில் இருந்து, அந்த வரி ஆண்டில் பொதுச் சாலையில் 7,500 மைலுக்குக் குறைவாக ஓடியிருந்தால், அதன் எரிபொருள் முழுதுமே விலக்குக்குள் வரும். 2004-இல் வந்த ஏற்பாடு. ஆனால் சந்தையில் கிடைக்கும் சாதாரண லாரி அடிச்சட்டத்தில் கூடையையோ மரத்தூள் பெட்டியையோ ஏற்றிய வண்டி இந்த வடிவச் சோதனையைத் தாண்டாது. ஆகவே வழக்கமான மரக் குழு இதை நம்பி இருக்க வேண்டாம்.

விலக்கைப் பெற இரண்டு வழிகள் இருக்கின்றன. முதலிலேயே வரி இல்லாத டீசலை வாங்குவது ஒன்று. வரியோடு வாங்கிப் பிறகு திரும்பக் கேட்பது மற்றொன்று.

வரி இல்லாத டீசல் சிவப்பாக இருக்கும். நம் ஊர் ரேஷன் மண்ணெண்ணெயில் நீலச் சாயம் கலந்து, மானியச் சரக்கு வெளிச்சந்தைக்குப் போனால் கண்டுபிடிக்க வழி செய்தது போலத்தான் இதுவும். 1980-களில் அமெரிக்காவில் எரிபொருள் வரி ஏய்ப்பு பெரிய குற்றத் தொழிலாகவே நடந்தது. சரக்கைக் கம்பெனி கம்பெனியாகக் கைமாற்றி, வரி கட்ட வேண்டிய கம்பெனி காணாமல் போய்விடும். அதனால் வரியை வாங்கும் இடத்தை மேலே, மொத்தச் சேமிப்பு முனையத்துக்கே தள்ளினார்கள். டீசலுக்கு இது 1994 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. முனையத்தை விட்டு வெளியேறும்போதே டீசல் தெளிவாக இருந்தால் வரி சேர்ந்தது. சால்வென்ட் ரெட் 164 என்ற சாயம் கலந்திருந்தால் சேராதது. சிவப்பு டீசல் விற்கும் பம்பில், இது வரியில்லாப் பயன்பாட்டுக்கு மட்டுமே, மீறினால் தண்டனை என்ற அறிவிப்பு ஒட்டியிருக்க வேண்டும். இன்று இரண்டிலும் கந்தகத்தின் அளவு ஒன்றுதான் என்பதால் இன்ஜினுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. வித்தியாசம் நிறத்தில்தான்.

சிப்பர், ஸ்டம்ப் கிரைண்டர் ஆகியவற்றுக்குச் சிவப்பு டீசல் ஊற்றலாம். பக்கெட் லாரியின் டாங்க்கில் ஒரு சொட்டுகூடக் கூடாது. ஆய்வாளர் சாலையோரத்தில் வண்டியை நிறுத்தி டாங்க்கிலிருந்து மாதிரி எடுக்கலாம். அனுமதி மறுத்தால் அதற்கே 1,000 டாலர் தண்டம். தெளிவான டீசலோடு கலந்தாலும் சாயத்தின் தடயம் சிக்கிவிடும். தெரிந்தே, அல்லது தெரிந்திருக்க வேண்டிய நிலையில், சாலை வண்டியில் சிவப்பு டீசல் ஊற்றினால் தண்டம் 1,000 டாலர் அல்லது காலனுக்கு 10 டாலர், இரண்டில் எது அதிகமோ அது. முன்பு ஒருமுறை தண்டம் விழுந்திருந்தால் அந்த 1,000 இரண்டாயிரம் ஆகும், பிறகு மூவாயிரம்.

இதைக் கணக்கோடு பாருங்கள். 40 காலன் டாங்க் முழுவதும் சிவப்பு டீசல் ஊற்றி மிச்சப்படும் மத்திய வரி, காலனுக்கு 24.3 சென்ட் வீதம், 9 டாலர் 72 சென்ட் (கசிவு நிதிக்கான அந்தப் பத்தில் ஒரு பங்கு சென்ட் சிவப்பு டீசலுக்கும் உண்டு). மாட்டினால் போவது 1,000 டாலர். வேலை முடிந்து திரும்பும் வழியில் லாரியில் டீசல் தீர்ந்துபோய், பின்னால் இருக்கும் சிப்பர் கேனை எடுத்து ஊற்றலாமா என்று யாருக்கும் தோன்றும். அந்தக் குழுவில் உள்ள ஒவ்வொருவருக்கும், நேற்று சேர்ந்தவர் உட்பட, அது கூடாது என்று முன்பே சொல்லி வைத்திருக்க வேண்டும். கேன்களுக்கு வேறு வேறு நிறமும் பெரிய எழுத்தில் பெயரும் இருக்கட்டும்.

பெட்ரோலுக்கு இப்படிச் சாயம் போட்ட வரியில்லா வகை கிடையாது. எனவே செயின்சாவுக்கு வாங்கும் பெட்ரோலுக்குத் திரும்பக் கேட்கும் வழி மட்டும்தான். சிவப்பு டீசல் விற்கும் பங்க் அருகில் இல்லாத ஊர்களில், சிப்பருக்கும் சாலையோரப் பங்கிலிருந்தே ஊற்றுவார்கள். அவர்களுக்கும் இதுவே வழி.

திரும்பக் கேட்பது வருமான வரிக் கணக்கோடு சேர்த்துத் தாக்கல் செய்யும் படிவம் 4136 மூலம். ஆண்டுக்கு ஒருமுறை. பயன்பாட்டு வகை என்ற கட்டத்தில், சாலைக்கு வெளியே தொழில் பயன்பாடு என்பதைக் குறிக்கும் 2-ஆம் எண்ணை இட வேண்டும். விவசாயப் பயன்பாடு என்று வேறொரு வகை இருக்கிறது. மரம் என்பதால் அதுவாக இருக்குமோ என்று குழம்ப வேண்டாம். மரம் நடுவதும் வெட்டுவதும் தன் பண்ணை வேலையின் ஒரு பகுதியாக இருக்கும் விவசாயிக்குத்தான் அது. இந்தத் தொகை உங்கள் வருமான வரியில் கழியும். கட்ட வேண்டிய வரியே இல்லாவிட்டாலும் கைக்கு வந்து சேரும். கூட்டாண்மை நிறுவனமாக இருந்தால் நிறுவனம் கேட்க முடியாது. ஒவ்வொரு கூட்டாளிக்கும் அவர் பங்கு காலன்களைப் பிரித்துக் காட்ட, அவரவர் தங்கள் கணக்கில் கேட்க வேண்டும். ஆண்டு முடியும்வரை காத்திருக்க முடியாத அளவு எரிபொருள் வாங்கும் பெரிய நிறுவனங்கள், தொகை 750 டாலரைத் தொட்டதும் படிவம் 8849 வழியாகக் காலாண்டிலேயே கேட்கலாம். சிறு குழுக்கள் பெரும்பாலும் அந்த அளவை எட்டாது.

எவ்வளவு வரும்? சிப்பரிலும் கிரைண்டரிலும் ஆண்டுக்கு 1,000 காலன் டீசல், செயின்சாக்களில் 200 காலன் பெட்ரோல் என்று வைத்தால், 243 டாலரும் 36 டாலர் 60 சென்டும். சேர்த்து 279.60. இது ஒரு ஆண்டுக்கு, மத்திய வரி மட்டும். இரண்டு மூன்று பேர் சேர்ந்து நடத்தும் குழுவுக்குச் செயின்சா சங்கிலிகளுக்கும் தலைக்கவசத்துக்கும் ஆகும் பணம் இது. விட்டுக்கொடுக்க எந்தக் காரணமும் இல்லை. மாநில வரிக்கு அந்தந்த மாநிலத்தில் தனி விண்ணப்பம், தனிக் கெடு, தனி விதி. மாநிலத்துக்கு மாநிலம் இது மிகவும் மாறுபடும். ஒரு விஷயம் மட்டும் முன்கூட்டியே தெரிந்திருக்கட்டும்: எரிபொருள் வரி இல்லாத டீசலுக்குப் பல மாநிலங்களில் விற்பனை வரி வந்து ஒட்டிக்கொள்ளும். எனவே மிச்சம் என்று நினைத்த தொகை முழுதும் மிச்சமாகாது.

கோரிக்கை நிற்பதும் விழுவதும் பதிவேட்டில்தான். எந்தத் தேதியில், யாரிடம், எத்தனை காலன் வாங்கினீர்கள், அது எந்த இயந்திரத்துக்குப் போனது என்பது எழுத்தில் இருக்க வேண்டும். ஒரே அட்டையில் லாரிக்கும் கேனுக்கும் சேர்த்து எரிபொருள் போட்டால், ஆண்டு இறுதியில் யாராலும் பிரிக்க முடியாது. கேனுக்குத் தனி பில் வாங்குங்கள். பில்லின் பின்புறம் அப்போதே பேனாவால் இயந்திரத்தின் பெயரை எழுதுங்கள். சிப்பரில் மணிக்கணக்கைக் காட்டும் மீட்டர் இருக்கும். மாதம் ஒருமுறை அதைக் குறித்து வைத்தால் பில்லுக்கு அது துணை ஆதாரம். இந்தப் பழக்கத்துக்கு நாளுக்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது.

இன்னொரு சிறு விஷயத்தையும் மறக்கக் கூடாது. எரிபொருளுக்கு ஆன முழுத் தொகையையும் தொழில் செலவாகக் காட்டிக் கழித்திருப்பீர்கள். அதில் ஒரு பகுதி திரும்ப வந்தால், வந்த தொகையை வருமானமாகக் காட்ட வேண்டும்.

இந்த வரித் தள்ளுபடியை வைத்து மோசடியும் நிறைய நடக்கிறது. தொழிலே செய்யாத சாதாரண சம்பளக்காரர்களிடம், உங்களுக்கும் எரிபொருள் வரி திரும்ப வரும் என்று சொல்லி, நம்ப முடியாத காலன் கணக்கை எழுதி, கட்டணம் வாங்கிக்கொண்டு போய்விடும் தரகர்கள் இருக்கிறார்கள். ஐ.ஆர்.எஸ். ஆண்டுதோறும் வெளியிடும் மோசடி எச்சரிக்கைப் பட்டியலில் இது இடம்பெற்றிருக்கிறது. மிகைப்படுத்திய கோரிக்கைக்கு, மிகையான தொகையைப் போல் இரண்டு மடங்கு தண்டம். அடிப்படையே இல்லாத கோரிக்கை என்று முடிவானால் 5,000 டாலர். கணக்கில் கையெழுத்துப் போட்டவர்தான் பொறுப்பு, எழுதிக் கொடுத்தவர் எங்கே போனாலும். உண்மையாக மரவேலை செய்கிறவரும், தரகர் கொடுக்கும் காலன் எண்ணை அப்படியே ஏற்காமல், தன் பில்களோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

முந்தைய ஆண்டுகளில் கேட்காமல் விட்டவர்களுக்கும் வழி இருக்கிறது. பொதுவாக, கணக்குத் தாக்கல் செய்ததிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் திருத்திய கணக்கோடு படிவம் 4136-ஐச் சேர்த்து அனுப்பலாம். பழைய பில்கள் பெட்டியில் எங்காவது இருந்தால், முதலில் சிப்பருக்கு வாங்கிய டீசல் பில்களைப் பிரித்து எடுங்கள். காலன் அதிகமாக இருப்பது அங்கேதான்.